மாதவிடாய் நிற்கும் வயதில் வேலைக்கு வரும் பெண்கள்: குமரி மாவட்ட நிறுவனங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் பெண்கள் இல்லாமல் ஓடுகிற தொழில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அண்டியாபீஸ் (முந்திரி ஆலை), ஜவுளிக் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரப்பர் தோட்டம், கயிறு, பூ, மீன் என்று எங்கே போனாலும் அவர்கள்தான் நிற்கிறார்கள். அவர்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் ஏராளம். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு வேலைக்கு வந்தவர்கள் உண்டு. இருபது வருடமாக ஒரே இடத்தில் இருந்து தொழிலைக் கரைத்துக் குடித்தவர்களும் உண்டு. மாதவிடாய் நிற்கும் காலமும் சரியாக அந்த வயதில்தான் வந்து சேர்கிறது.

இதை வீட்டு விஷயம் என்று ஒதுக்கிவிடுகிற முதலாளிகள், கை தேர்ந்த ஒரு பெண் திடீரென்று "உடம்புக்கு முடியல" என்று நின்றுவிட்டால் மட்டும் தலையில் கை வைக்கிறார்கள். அவர் ஏன் நின்றார் என்று பதிவேட்டில் எங்கும் இருக்காது.

ஆள் நிர்வாகத்தைக் கவனிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் நான் அடிப்படையாக வைப்பது ஒன்றுதான். எந்தப் பெண்ணும் தன் உடம்பைப் பற்றி வாய்விட்டுச் சொல்லிக் கேட்காமலே வசதி கிடைக்கும்படி வேலையிடத்தை மாற்றி வைக்க வேண்டும். நம் ஊரில் ஒரு அக்கா ஆண் மேனேஜரின் மேஜை முன் நின்று இதைச் சொல்லமாட்டார். சொல்லட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் கணக்கை முடித்துக்கொண்டு போயிருப்பார்.

முதல் படி: என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால் அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நடக்கிறது. மேலைநாடுகளில் 51 வயதை ஒட்டி. ஆனால் நின்ற பிறகு மட்டும் வருகிற தொந்தரவு அல்ல இது. அதற்கு முந்தைய சில வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறியும் இறங்கியும் உடம்பைப் படுத்தி எடுக்கும். நின்ற பிறகும் பலருக்கு வருடக்கணக்கில் நீளும். 40 வயதுக்கு முன்பே நின்றுபோனவர்களும் இருக்கிறார்கள். அறுவை சிகிச்சையில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், 35 வயதுப் பெண்ணுக்கும் அத்தனையும் ஒரேயடியாக வந்து இறங்கும். ஆகவே வயதைப் பார்த்து ஆளைக் கணிக்கிற வேலை வேண்டாம்.

வேலையிடத்தில் இது எப்படித் தெரியும்? நெஞ்சில் தொடங்கி கழுத்து, முகம் என்று குப்பென்று ஒரு சூடு ஏறும். படபடப்பு வரும், வியர்வை கொட்டும். ஒரு நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம் வரை இருந்துவிட்டு அடங்கும். சிலருக்குப் பின்னாலேயே குளிர் எடுக்கும். ராத்திரியும் இதே கதைதான் என்பதால் உறக்கம் கெட்டு, மறுநாள் காலையில் கண் எரிய வந்து நிற்பார்கள். கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே எண் மறந்துபோகும். மூட்டு வலிக்கும். சிறுநீரை அடக்க முடியாமல் போகும். காரணமில்லாமல் எரிச்சலும் அழுகையும் வரும். நிற்பதற்கு முந்தைய வருடங்களில் சிலருக்கு உதிரப்போக்கு அளவுக்கு மீறும். இரத்தம் குறைந்து கிறக்கம் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவருக்கே இத்தனையும் வரும் என்பதில்லை. எதுவுமே இல்லாமல் கடந்துவிடுகிறவர்களும் உண்டு.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற, கடல் காற்று ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுகிற மாவட்டம் இது. வியர்த்தால் காயாது. மார்ச், ஏப்ரல், மே மாத வேக்காட்டில் சாதாரண உடம்பே திணறும்.

இரண்டாம் படி: ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு இடத்தைச் சுற்றி வாருங்கள்

பணம் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். மூத்த பெண் தொழிலாளி ஒருவரோடு, மதியம் இரண்டு மணிக்கு, வெயில் உச்சத்தில் இருக்கும்போது சுற்றி வாருங்கள். காலை ஒன்பது மணிக்குப் பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

நாலு விஷயம் பாருங்கள்: காற்று, தண்ணீர், கழிப்பறை, உட்கார இடம்.

காற்று. முந்திரி ஆலைகளில் வறுக்கிற பக்கத்துச் சூடு ஒரு பாடு என்றால், தோல் உரிக்கிற கூடத்தில் வேறு சிக்கல். பருப்புத் தோல் பறக்கும் என்று சில இடங்களில் மின்விசிறியையே போடவிடுவதில்லை. அதற்கு வழி இருக்கிறது. சுவரின் மேற்பகுதியில் சூட்டை வெளியே இழுக்கிற விசிறி வையுங்கள். கூடத்துக்கு வெளியே, குடிதண்ணீர் வைத்திருக்கும் இடத்தில், இரண்டு பெஞ்சும் ஒரு மின்விசிறியும் போடுங்கள். சூடு ஏறுகிற அந்த ஐந்து நிமிடத்துக்கு அதுவே போதும். அலுவலகம் என்றால் ஏசி ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஒருவருக்குக் குளிரும், ஒருவருக்கு வேகும்; ஆளுக்கொரு சின்ன மேஜை விசிறி வாங்கிக் கொடுத்தால் அந்தச் சண்டை முடிந்தது.

கழிப்பறை. இதில்தான் நம் ஊர் கடைகள் பெரும்பாலும் தோற்கின்றன. நாலு மாடிக் கடையில் பெண்களுக்கான கழிப்பறை மொட்டை மாடியில் இருக்கும். அதன் சாவி கல்லாப் பக்கம் ஆணியில் தொங்கும். மூன்றாம் மாடியில் சேலைப் பிரிவில் நிற்கிற பெண், கீழே இறங்கி, வாடிக்கையாளர் முன்னால் சாவியை வாங்கிக்கொண்டு, மறுபடி ஏற வேண்டும். அளவுக்கு மீறி உதிரம் போகிற நாளில் அவரால் இது முடியுமா? முடியாது என்பதால்தான் பலர் தண்ணீரே குடிக்காமல் பொழுதைக் கழிக்கிறார்கள். பிறகு சிறுநீர்த் தொற்றில் விழுகிறார்கள். சாவியை எடுத்துவிட்டு உள்ளே தாழ்ப்பாள் வையுங்கள். மூடியுள்ள குப்பைத்தொட்டி, சோப்பு, வாளி நிறையத் தண்ணீர், உடை மாற்ற ஒரு கொக்கி, அவசரத்துக்கு நாப்கின். முடிந்தால் ஒரு கண்ணாடி. மொத்தமும் ஒரு நாள் வியாபாரத்தின் ஓரத்தில் அடங்குகிற செலவு.

உட்கார இடம் சலுகை அல்ல, சட்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் கொண்டுவந்த திருத்தப்படி, கடை ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை கொடுத்தாக வேண்டும். வேலை இடைவெளியில் உட்கார விட வேண்டும். ஆலைகளுக்கும் காற்றோட்டம், குடிதண்ணீர், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை எல்லாம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தொட்டே இருந்துவரும் கடமைகள். ஆகவே மேலே சொன்னதில் பாதி, புதிதாகச் செய்கிற தர்மம் இல்லை. எப்போதோ செய்திருக்க வேண்டியது. அண்டியாபீஸில் குத்தவைத்து அண்டி தல்லுகிறவர்களுக்கு (முந்திரிக் கொட்டை உடைக்கிறவர்களுக்கு) மட்டும் சட்டத்துக்கு மேலே ஒரு படி போங்கள். முட்டு வலிக்கிற வயதில் தரையிலிருந்து எழுவதே பெரும்பாடு. இடுப்பளவு மேஜையும் முதுகுச் சாய்வுள்ள இருக்கையும் போட்டால் அவர்கள் கை இன்னும் பல வருடம் உங்களுக்கு உழைக்கும்.

மூன்றாம் படி: சின்ன அனுமதிகளை எழுதிப் போடுங்கள்

வாய்மொழியாகச் சொன்னது சூப்பர்வைசர் மாறினால் மறைந்துபோகும். அறிவிப்புப் பலகையில் தமிழில், பெரிய எழுத்தில், இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் யாரும் அனுமதி கேட்க வேண்டாம். உடம்புக்கு முடியாமல் வந்தால் 10 நிமிடம் வெளியே உட்கார்ந்துவிட்டு வரலாம். காரணம் சொல்ல வேண்டாம். கூலி குறையாது. இதைக் கேலி செய்கிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கப்படும்."

கவனியுங்கள், இதில் மாதவிடாய் என்ற பேச்சே இல்லை. சர்க்கரை உள்ள ஆணுக்கும் கர்ப்பிணிக்கும் இது உதவும். எல்லாருக்கும் பொதுவான அனுமதி என்றால் எடுக்கிற பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மாதவிடாய் நிற்கும் பருவத்துக்கென்று தனி விடுப்போ தனிச் சட்டமோ இந்தியாவில் இல்லை. பிரிட்டனில் மாதவிடாய்க்கும் இந்தப் பருவத்துக்கும் சேர்த்து 2023-இல் பணியிடங்களுக்கான ஒரு தரவரையறையே வெளியிட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய ஏட்டை நம் கடைகளில் படிக்க ஆள் இல்லை. மேலே உள்ள ஐந்து வரி போதும்.

நான்காம் படி: கூலிக் கணக்கைச் சரிசெய்யுங்கள்

"10 நிமிடம் உட்காரலாம்" என்று எழுதிவிட்டுக் கிலோ கணக்கில் கூலி கொடுத்தால், அந்தப் பலகையால் ஒரு பயனும் இல்லை. தோல் உரிக்கிறவர் எழுந்து போனால் அன்றைய எடை குறையும், காசு குறையும். அதனால் அவர் எழமாட்டார். முந்திரி, கயிறு, பூக்கட்டு என்று எடைக்கும் எண்ணிக்கைக்கும் கூலி வாங்குகிறவர்கள் நிறைந்த மாவட்டத்தில் இதைத் தொடாத எந்தத் திட்டமும் மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டுமே உதவும்.

எனக்குச் சரியாகப் படுகிற வழி இது. ஒவ்வொருவருக்கும் கடந்த மூன்று மாதச் சராசரி நாள் கூலியைக் கணக்கிட்டு வையுங்கள். உடம்பு முடியாத நாளில் எடை குறைந்தாலும் மாதத்தில் சில நாள் அந்தச் சராசரியைக் கொடுங்கள். எத்தனை நாள் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து சொல்லிவிடுங்கள். அதுவும் கட்டுப்படியாகாது என்றால், அன்றைக்கு மட்டும் தரம் பிரிக்கிற வேலைக்கு நாள் கூலியில் மாற்றுங்கள். ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: வேலையை லேசாக்கிவிட்டுக் கூலியையும் லேசாக்கினால், அது தண்டனைதான்.

ஐந்தாம் படி: பேச ஒரு ஆளை வையுங்கள், பேசும் விதத்தைக் கற்றுக்கொடுங்கள்

மூத்த பெண் ஒருவரைத் தொடர்பு ஆளாகச் சொல்லுங்கள். அவர் அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை. வாய் கட்டுப்பாடு உள்ளவராக, மற்றவர்கள் நம்புகிறவராக இருந்தால் போதும். கேட்டதைப் பதிவேட்டில் எழுதக்கூடாது. "இந்த அக்காவுக்கு இடம் மாற்றிக் கொடுங்கள்" என்று மட்டும் மேலே சொன்னால் போதும். ஏன் என்று மேலே இருப்பவர் கேட்கக்கூடாது.

சூப்பர்வைசர் சின்ன வயதுப் பெண்ணாக இருந்தால் பேச்சு இப்படிப் போகலாம்:

"அக்கா, கொஞ்ச நாளா நீங்க அடிக்கடி வெளிய போய் நின்னுட்டு வாரீங்க. ஏன்னு கேக்க வரல. வேலையில எதாவது மாத்தினா உங்களுக்கு லேசா இருக்குமா?"

"ஒண்ணுமில்ல பிள்ளே, வயசாவுதுல்லா."

"ஃபேன் பக்கம் எடம் மாத்தித் தரட்டா? இல்லேன்னா மத்தியானத்துக்குப் பொறவு கிரேடிங்ல இருக்கீங்களா?"

"ஃபேன் பக்கம்னா கொள்ளாம். ராத்திரி ஒறக்கமே இல்ல, அதான் காலத்த எந்திச்சு வர முடியல."

"செரி, ஒரு மாசத்துக்கு அரை மணிக்கூர் பிந்தி வாங்க. சாயங்காலம் அந்த நேரத்த சரிக்கட்டிக்கலாம். நான் சொல்லிக்கிடுதேன்."

நோயின் பெயரைக் கேட்கவில்லை. "உங்களுக்கு அதுவா?" என்று ஊகம் சொல்லவில்லை. இரண்டு வழியை முன்னால் வைத்தார், அக்கா ஒன்றை எடுத்துக்கொண்டார், கூடவே கேட்காத ஒன்றையும் சொன்னார். ஆண் சூப்பர்வைசர்களுக்கும் இதே அளவுதான்: வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள், தனியாகப் பேசுங்கள், இரண்டு வழி கொடுங்கள்.

கேலிப் பேச்சைச் சிறுசாக நினைக்க வேண்டாம். "இவங்களுக்கு இப்ப இப்படித்தான், பக்கத்துல போவாதீங்க" என்பதில் தொடங்கும். பாலியல் சாயல் ஏறிவிட்டால் அது வேலையிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் புகாருக்கு உரியது. பத்துப் பேர் வேலை செய்கிற இடம் என்றால் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அதற்குக் குறைந்த இடங்களில் வேலை செய்கிறவர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

ஆறாம் படி: உங்கள் தொழிலுக்கு ஏற்ப மாற்றுங்கள்

ஜவுளிக் கடையில் சீருடைதான் முதல் எதிரி. பாலியஸ்டர் சேலைக்குப் பதில் பருத்தி கலந்தது, அடர்நிறம் (கறை தெரியாது), மாற்றுச் சீருடை ஒன்று கடையிலேயே. தனியார் பள்ளிகளில் சேலைக்கு மேல் டீச்சர்கள் போடுகிற கோட்டை, ஏப்ரல் வெயிலில் நாலாவது பீரியடில் ஒரு மேலாளர் போட்டுப் பார்க்கட்டும். அதை விருப்பமாக்குங்கள். டீச்சருக்கு வகுப்பை விட்டு எழுந்து போக முடியாது என்பதும் உண்மை. இரண்டு பீரியடுக்கு மேல் தொடர்ந்து போடாமல் டைம்டேபிளைப் பிரித்து, அவசரத்துக்கு வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைக் குறித்து வையுங்கள்.

ரப்பர் வெட்டு விடியும் முன்னே தொடங்குகிறது. கீரிப்பாறை பக்கத்து மலைத் தோட்டமோ சிறு விவசாயியின் தோட்டமோ, உறக்கமில்லாத ராத்திரிக்குப் பிறகு நெற்றி விளக்கோடு சரிவில் ஏறுவது ஆபத்தான வேலை. இந்த வயதில் எலும்பின் வலுவும் வேகமாகக் குறைகிறது. வழுக்கி விழுந்தால் முறியும். சரிவு குறைந்த வரிசைகளை அவர்களுக்குக் கொடுங்கள். பால் சேகரிக்கிற கொட்டகைப் பக்கம் ஒரு கழிப்பறை கட்டுங்கள். தோட்டத்தில் மறைவிடம் தேடுவது பெண்களுக்கு என்ன பாடு என்று கேட்டுப் பாருங்கள்.

ஆஸ்பத்திரிகளில் நர்ஸ்களுக்கு ராத்திரி, பகல் என்று அடிக்கடி மாறுகிற முறை உறக்கத்தை அடியோடு கெடுக்கும். கொஞ்ச காலத்துக்கு ஒரே ஷிப்டில் விடுங்கள்.

கருப்பையை எடுத்துவிட்டு வருகிறவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு. வயிற்றைத் திறந்து செய்த அறுவை என்றால் தேற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை மூட்டை, கூடை, வாளி எதையும் தூக்க விடாதீர்கள். "சும்மா உட்கார்ந்து பார்த்துக்கிட்டா போதும்" என்று நாலாவது வாரமே கூப்பிடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வந்தவர் சும்மா உட்காரமாட்டார்.

ஏழாம் படி: மருத்துவத்துக்கு வழி காட்டுங்கள், மருத்துவம் சொல்லாதீர்கள்

முதலாளியின் வேலை நேரம் கொடுப்பது. போகிற அரை நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல் இருந்தாலே பாதிப் பேர் டாக்டரைப் பார்ப்பார்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தக்கலையில் பத்மநாபபுரம் அரசு மருத்துவமனை, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றைப் பலகையில் எழுதுங்கள். 104-இல் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். மனசு சரியில்லாதவர்களுக்கு 14416.

சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) விஷயத்தைச் சரிபாருங்கள். பத்து ஆள் இருந்தும் பதிவு செய்யாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. பதிவு இருந்தால், டாக்டர் சான்றிதழோடு வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். பெருத்த உதிரப்போக்குக்கும் அறுவைக்கும் இதைப் பயன்படுத்தலாம் என்பது நம் தொழிலாளிகளில் பலருக்குத் தெரியாது. படிவத்தை நிரப்பிக் கொடுக்க அலுவலகத்தில் ஒருவரை நியமியுங்கள்.

சில அறிகுறிகளை மட்டும் எல்லாருக்கும் தெரியும்படி சொல்லிவையுங்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக அது இருக்கலாம், ஆரம்பத்தில் பிடித்தால் குணமாக்கலாம். மணிக்கு ஒரு நாப்கின் நனைகிறது என்றால் அன்றே போக வேண்டும். நெஞ்சு அழுத்தம், மூச்சு வாங்கல் இவற்றை "இந்த வயசுல வாரதுதான்" என்று தள்ளக்கூடாது. தைராய்டு, இரத்தக் குறைவு, சர்க்கரை, பிரஷர் ஆகியவையும் இதே போன்ற தொந்தரவுகளைக் காட்டும் என்பதால் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

சூட்டுக்கும் உறக்கத்துக்கும் ஹார்மோன் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தம் உறைந்த சிக்கல் உள்ளவர்கள் போன்றோருக்கு அது ஆகாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகள் உண்டு. முடிவு டாக்டரும் அவரும் எடுக்க வேண்டியது. உதிரப்போக்கு என்றதும் கருப்பையை எடுத்துவிடச் சொல்கிற பேச்சு நம் ஊரில் அதிகம். அதற்கு முன் மாத்திரை, கருப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனம் என்று வேறு வழிகளும் இருக்கின்றன. இரண்டாவது டாக்டரைப் பார்க்கவும் நேரம் கொடுங்கள்.

எட்டாம் படி: மூன்று மாதம் கழித்துப் பாருங்கள்

பலகை வைத்ததோடு விட்டுவிட்டால் அது சுவரில் தூசி பிடிக்கும். மூன்று மாதம் ஆனதும் தொடர்பு அக்காவிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: யாராவது அந்த 10 நிமிடத்தை எடுக்கிறார்களா, எடுத்தவரிடம் யாராவது முகம் சுளித்தார்களா, எந்த இடம் இன்னும் வேகிறது? யாருமே எடுக்கவில்லை என்றால் தேவை இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். பயம் இன்னும் போகவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மேனேஜரே எழுந்துபோய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். அடுத்த வாரமே மற்றவர்களும் உட்காரத் தொடங்குவார்கள்.

கடைந்தேறாத இடம் பண்டிகை நெரிசல்தான். ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று இந்த மாவட்டத்தில் மூன்று உச்சம். அந்த வாரங்களில் லீவு கிடையாது, உட்காரவும் நேரம் கிடையாது என்று எல்லா ஏற்பாடும் காற்றில் பறக்கும். ஆகவே ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு மாதம் முன்பே, மாடிக்கு ஒருவர் என்று மாற்று ஆள் எடுத்து வைத்து, யார் எப்போது இறங்கி ஓய்வெடுப்பது என்று பட்டியல் போட்டு, ஊழியர் அறையில் ஒட்டிவிடுங்கள்.